‘நோ’ சொல்லும் உத்தியோகம்

நாள் முழுக்க மற்றவர்களுக்கு ‘நோ’ சொல்லிப் பிழைக்கிற ஒரு மனிதருக்கு, வாசலில் குடை விற்க வந்தவரிடம் மட்டும் அந்த ஒரு சொல் ஏன் வாயில் வருவதில்லை? ஆபீசரின் மனைவி இந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். வீட்டில் ஆள் இரண்டு; குடை ஐந்து.

இப்போதும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வருகிறது. “நோ.” கொஞ்சம் இடைவெளி. எதிரே இருப்பவர் ஏதோ முனகுகிறார். “நோ. நெக்ஸ்ட்.” தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டின் முன்பாதி அவருடைய வகுப்பு, பின்பாதி அவளுடைய சமையலறை. நடுவில் இருப்பது பலகை என்பதால் ஆங்கிலத்துக்கும் தாளிப்புக்கும் பெரிய மறைவு கிடையாது.

அவர் எந்த அலுவலகத்திலும் ஆபீசராக இருந்ததில்லை. ஒரு கப்பல் கம்பெனியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, “அவர் சீட்ல இல்லை” என்று வருகிறவர்களிடம் சொல்வதே பல காலம் அவர் வேலையாக இருந்தது. கம்பெனி மூடியதும் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தர உட்கார்ந்தார். இலக்கணப் புத்தகம் எதையும் தொடுவதில்லை. புதிதாக வருகிறவரிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: “யார்கிட்ட என்ன பேசணும்?” வீட்டுக்காரரிடம் ஒழுகுகிற கூரையைப் பற்றியா, மேலதிகாரியிடம் விடுப்பைப் பற்றியா, பள்ளியில் பிள்ளைக்கு இடம் கேட்டா? அதைத் தெரிந்துகொண்டதும் ஆணியில் தொங்கும் சாம்பல்நிறக் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். அந்த நொடியிலிருந்து அவர்தான் வீட்டுக்காரர், மேலதிகாரி, பள்ளி முதல்வர். எது கேட்டாலும் கிடையாது என்பார். மாணவர்கள் வைத்த பெயர்தான் ஆபீசர்.

இன்று எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு லாரி டிரைவர். சுவரை மறைக்கிற தோள்கள். கைகள் மட்டும் முழங்கால் மேல் பதுங்கியிருக்கின்றன. கிடங்கு மேற்பார்வையாளரிடம் ஷிப்டு மாற்றிக் கேட்க வேண்டும்.

“ப்ளீஸ் சார்... மை ஷிப்ட்...”

“நோ.”

“என்ன சார், மூச்சு விடுறதுக்குள்ள துரத்துறீங்க?”

“தமிழ்ல கேட்டா தமிழ்லயே துரத்துவேன். நோன்னு சொன்னா அடுத்து என்ன செய்யணும்?”

“வை நாட்டுன்னு கேக்கணும்.”

“அதுக்கு முன்னாடி?”

டிரைவர் யோசித்தார். “மூச்சு விடணும்.”

“அப்போ விடுங்க. கெஞ்சாதீங்க. காரணம் கேளுங்க. முதல் நோவுல எழுந்து போறவருக்கு எதுக்கய்யா இங்கிலீஷ்? அதுக்கு ஊமையாவே போய்ட்டு வந்திருக்கலாமே.”

ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘நோ’வை ‘நோ’ என்று சொல்வது அபூர்வம் என்பது அவர் கண்டுபிடிப்பு. “‘லெட் மீ ஸீ’ன்னா பார்க்க மாட்டான். ‘வி வில் கெட் பேக் டு யூ’ன்னா திரும்பிப் பார்க்க மாட்டான். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ன்னு ஆரம்பிச்சா கடையைக் கட்டியாச்சுன்னு அர்த்தம்.” இதைப் போலவே அவர் பெரிதாக மதிக்கிற இன்னொரு வாக்கியம் உண்டு: “குட் யூ ஸே தட் அகெய்ன்?” இன்னொரு முறை சொல்கிறீர்களா என்று கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு எந்த மொழியும் வராது என்பார். அதை மட்டும் ஒரு வாரம் முழுக்கச் சொல்ல வைப்பார், குரல் நடுங்காமல் வரும்வரை.

அவரை நல்ல ஆசிரியர் என்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. உச்சரிப்பு பழையது. பொறுமை குறைவு. கண் கலங்கி எழுந்துபோய்த் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள். அவரிடம் படித்தவர்கள் ஆங்கிலத்தை அழகாகப் பேசுவதில்லை. தப்பும் தவறுமாக, ஆனால் பாதியில் ஓடிவிடாமல் பேசுகிறார்கள். அவருடைய முறையிலேயே ஒரு கோளாறும் உண்டு. ஒரு வீட்டில் சமையல் செய்கிற அம்மாள் வாரம் ஒருநாள் விடுப்புக் கேட்பதற்காக அவரிடம் வந்தாள். மூன்று மறுப்புக்கு மூன்று பதில் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். எஜமானி முதல் வாக்கியத்திலேயே சரி என்றுவிட்டாள். அம்மாளுக்கோ ‘சரி’க்குப் பதில் தெரியாது. மூச்சு விட்டாள். “வை?” என்றாள். எஜமானி திகைக்க, இரண்டாவது பதிலைச் சொன்னாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதையும் சொன்னாள். எஜமானி பயந்துபோய் அரைநாள் கூடுதலாகவே கொடுத்துவிட்டாள்.

“எதிராளி சரின்னு சொன்னா என்ன பண்றதுன்னு சொல்லவே இல்லையே சார்” என்று அம்மாள் வந்து முறையிட்டபோது, ஆபீசர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “அது எனக்கே தெரியாதும்மா” என்றார்.

கோட்டைக் கழற்றிவிட்டால் அவர் வேறு ஆள். முடிதிருத்துகிறவர் இஷ்டத்துக்கு வெட்டிவிட்ட தலையோடு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிய ஏணி அந்த வீட்டுச் சொத்தாகிவிட்டது. பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஆபீசர் மேசை மேல் நாற்காலி போட்டு ஏறுகிறார். அவர் வாங்கிவந்ததைத் திருப்பிக் கொடுப்பது, தலையாட்டிவிட்டு வந்ததை இல்லையென்று சொல்லிவிட்டு வருவது எல்லாம் மனைவியின் இலாகா. மச்சினி வந்தால் விடமாட்டாள். “மாமா, வாசல்ல யாராவது கூப்பிட்டா அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போங்களேன்.”

“அது ஆபீஸ் டிரஸ்ம்மா” என்பார் அவர், சிரிக்காமல்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறாள். ஆவியும் சோடா நெடியும் நிறைந்த நிலவறை. அடுக்கி வைத்த படுக்கை விரிப்புகளுக்கு இடையில் புறங்கையை நுழைத்து, எது சரியாகக் காயவில்லை என்று சொல்லிவிடுவாள். அங்கே இயந்திரங்களைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் ஆட்கள், தங்கள் ஊரில் அதே வேலைக்கு மேற்பார்வையாளர் தேவை, விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். நேர்காணல் கணினித் திரையில், ஆங்கிலத்தில்.

அன்று சாப்பாட்டின்போது அதை அவரிடம் சொன்னாள். மகளுக்குக் கல்யாணமாகி அவள் தன் வீட்டில் இருக்கிறாள். முடிவெடுக்க வேண்டியவர்கள் இவர்கள் இருவர்தான்.

“போயேன்” என்றார் ஆபீசர்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“போயேன்னுதானே சொல்றேன்.”

அவளுக்குத் தூக்கம் போனது அந்தச் சம்மதத்தால்தான். மறுக்கத் தெரியாத ஒருவரின் ‘சரி’யை எந்தத் தராசில் நிறுப்பது? குடைக்காரருக்கும் அதே சரிதான் கிடைத்தது. ஏணி வாங்கியவருக்கும் அதேதான். அவர் மனதார அனுப்புகிறாரா, அல்லது ஐந்து குடையோடு ஆறாவதாக இதையும் வாங்கி மூலையில் வைத்துக்கொள்கிறாரா? இது தெரியாமல் பெட்டியைக் கட்ட அவளால் முடியாது.

ஒத்திகையில் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு அவருடைய ‘நோ’க்கள் அத்தனையும் அவளுக்குப் பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் கோட்டை மாட்டினார். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஐ... வாஷ். பெட்ஷீட். ஹாஸ்பிடல்...” அதற்கு மேல் வரவில்லை. மூச்சு விட்டாள். மறுப்புக்காகக் காத்திருந்தாள்.

“வெரி குட். யூ ஆர் செலக்டட்” என்றார் ஆபீசர்.

“என்னது?”

“செலக்டட். வென் கேன் யூ ஜாயின்?”

அவள் சிரித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடியும் அரை வாக்கியத்தில் வேலை கிடைத்துவிட்டது. மூன்றாவது முறை அவள் எழுந்துவிட்டாள்.

“விளையாடுறீங்களா? டிரைவர் அண்ணனை அந்தப் பாடு படுத்தினீங்க.”

“நீ சரியாத்தானே சொன்னே.”

“சரியா சொல்லலைன்னு எனக்கே தெரியுது. நான் அங்க போய் முழிக்கணுமா? தோத்துட்டு இங்கயே கெடக்கட்டும்னு இருக்கா உங்களுக்கு? இருந்தா சொல்லுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. போகாதேன்னு சொல்லுங்க, நான் போகலை.”

“போயேன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே.”

“குடைக்காரனுக்கும் அதைத்தானே சொன்னீங்க!”

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது நழுவி விழுந்தது. எடுத்துத் தட்டி மறுபடி மாட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார்.

“மாமா வேணும்னே கெடுக்கிறாரு அக்கா” என்றாள் மச்சினி.

“அவருக்குக் கெடுக்கவும் தெரியாதுடி. அதுதான் என் கஷ்டமே.”

இரண்டு நாள் கழித்து, வகுப்பு இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, “புறப்படு” என்றார். எங்கே என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்கு மேலே ஏறும் படிக்கட்டுக்கு முன்னால் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். மாடியில் வகுப்பு நடத்துகிறவர் ஒரு காலத்தில் ஆபீசரின் மாணவர். முறையைக் கற்றுக்கொண்டு, மாணவர்களில் பாதிப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து தனிக்கடை போட்டவர். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து நடைபாதையில் ஆபீசரின் கால் பட்டதில்லை. எதிர்ச்சாரி வழியாகச் சுற்றித்தான் சந்தைக்குப் போவார்.

“இங்கயா?” என்றாள்.

அவர் முன்னால் ஏறினார்.

போட்டிக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “சார்... நீங்களா? வாங்க, உக்காருங்க.”

“உக்கார வரலை. இவங்களுக்கு இன்டர்வியூ இருக்கு. நீ ஒத்திகை பாரு.”

“அம்மாவுக்கா? நீங்க பார்க்காததையா சார் நான் பார்த்துடப் போறேன்?”

“நீதான் பார்க்கணும். நோ சொல்லு. நல்லாச் சொல்லு. என் வீட்டுக்காரம்மான்னு நினைக்காதே.”

அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லாமல் வெளியே போய், நடையில் கிடந்த பெஞ்சில், முறைக்காகக் காத்திருந்த நாலைந்து பேரோடு ஒருவராக உட்கார்ந்துகொண்டார். அறைக்குள்ளே புழுக்கம். கதவு திறந்தே இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து அவருடைய ஒரு தோளும் முழங்காலும் தெரிந்தன.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இப்போது வேறொரு நாட்டின் நிலவறையில் விரிப்புகளுக்கு இடையே புறங்கையை நுழைத்துக்கொண்டிருக்கிறாள். விஷயம் அதுவல்ல.

போட்டிக்காரர் தொழிலில் சுத்தம். கண் இமைக்காமல் ஆரம்பித்தார். எங்களுக்கு இளவயது ஆள் தேவை என்றார். அவள் மூச்சு விட்டாள். “வை?” கடினமான வேலை என்றார். “ஹார்ட் ஒர்க், மெஷின் டூ. ஐ செக். வெட் ஷீட், பேஷன்ட் கெட் ஸோர்” என்றாள். கடின வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்; ஈர விரிப்பில் கிடந்தால் நோயாளிக்குப் புண் வரும்; அதைத் தடுப்பதுதான் தன் வேலை. வாக்கியம் நொண்டியது, ஆனால் போய்ச் சேர்ந்தது. அவர் அன்ஃபார்ச்சுனேட்லி என்றார். இன்னொரு முறை சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு மறுப்புக்கும் வெளியே அந்த முழங்கால் மெல்ல அதிர்வதை அவள் கவனித்தாள். பெஞ்சிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு போட்டிக்காரர், எந்த நேர்காணலிலும் வரக்கூடிய அந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்டார். “யுவர் ஹஸ்பண்ட் இஸ் ஹியர். யுவர் ஹோம் இஸ் ஹியர். வை டு யூ வான்ட் டு லீவ்?”

கணவரும் வீடும் இங்கே இருக்க, ஏன் போக விரும்புகிறீர்கள்? இதற்கு ஆங்கிலம் அவளிடம் போதுமான அளவு இருந்தது. நல்ல சம்பளம், மகளுக்கு உதவி என்று கேட்கிறவர் மனம் நோகாத பதில்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் கைவேலையைத் தனக்கென்று தனியாக ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை, அந்த வரிசைக்குப் பின்னால் நின்றது. அதைக் கணவர் காதுபட எப்படிச் சொல்வது? அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

இன்றைக்கும் வாரம் ஒருமுறை இருவரும் அலைபேசியில் வெகுநேரம் பேசுகிறார்கள். டிரைவருக்கு ஷிப்டு மாறியதை அவர் சொல்வார், குழாய் ஒழுகுவதைச் சொல்வார், மச்சினி அடித்த நக்கலைச் சொல்வார். அன்று அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் அவர் கேட்டதில்லை. அடுத்த நொடி அவர் செய்ததை ஏன் செய்தார் என்று அவளும் கேட்டதில்லை. கேட்டாலும் தேநீர் குடித்தாயா என்றுதான் பேச்சை மாற்றுவார்.

அன்று அவள் வாசல் பக்கம் திரும்பியதும் ஆபீசர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, அந்தக் கதவை வெளியிலிருந்து சத்தமில்லாமல் சாத்தினார்.