நாலாவது டிரம்

சிரிக்கிறவன் ஒரு ராத்திரி அந்த லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்து சிரிக்கட்டும். இது முத்துவீரனுக்கு நடந்தது. 1971, கார்த்திகை மாதம். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு மீன் பண்ணையில் அவன் தினக்கூலி. கண்மாய்கள் நிரம்பியதும் பண்ணையில் வளர்த்த கெண்டைக் குஞ்சுகளை டிரம்மில் நிரப்பி, லாரியில் கொண்டுபோய்க் கண்மாயில் விடுவார்கள். வெயில் ஆகாது, ராத்திரியில்தான் வண்டி கிளம்பும். வழி நெடுக டிரம் தண்ணீரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் காற்று கலக்கும். கை நின்றால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துப்போகும். குஞ்சு செத்தால் வேலை போய்விடும்.

அன்றைக்கு நாலு டிரம். ஆள் ஒருவன்.

“இது ரெண்டாளு வேலை. ஒத்தையா ஏத்திவிடுறீகளே?” என்றான் முத்துவீரன்.

“முடியலைன்னா எறங்கு. ஒன்னைய வெத்தலை பாக்கு வச்சா கூப்பிட்டேன்?”

சூப்பர்வைசர் வீரையா அதட்டிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஏறி, டிரைவர் மரியப்பன் பக்கத்தில் சாய்ந்துகொண்டார்.

முத்துவீரன் மாறி மாறித் தட்டினான். ஒவ்வொரு தட்டும் வீரையாவின் கன்னத்தில் விழுவதாக நினைத்துத் தட்டினான். பிள்ளையார்பட்டி தாண்டும்போது தோள் மரத்துப்போனது. டிரம் விளிம்பில் தலையைச் சாய்த்தான். ஒரு நிமிஷம்தான் என்று...

விழித்தபோது வண்டி திருப்பத்தூரைத் தாண்டியிருந்தது.

அத்தனையும் செத்திருக்கும். வேலை போச்சு.

சளப்... சளப்... சளப்...

அவன் கை மடியில் கிடந்தது.

சத்தம் நாலாவது டிரம்மில். டார்ச்சை அடித்தான். ஆள் இல்லை. தண்ணீர் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து குழிந்து எழும்பியது. குஞ்சுகள் உயிரோடு துள்ளின.

சத்தம் மூன்றாவது டிரம்முக்கு வந்தது.

அப்புறம் இரண்டாவது...

“யாரது?”

நின்றுவிட்டது.

குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மரத்துப்போன கையை அவனால் தூக்க முடியவில்லை. பயத்தை ஆத்திரம் முந்திக்கொண்டது.

“நிறுத்தாதடா! தட்டு!”

சளப்.

முதல் டிரம். அவன் முழங்காலை ஒட்டி. முகத்தில் தண்ணீர் தெறித்தது.

விடியும் நேரத்துக்கு ஒக்கூர்க் கண்மாயில் குஞ்சுகளை விட்டார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை.

“ரெண்டாளு வேணுமாம்ல!” வீரையா சிரித்தார்.

மரியப்பன் சிரிக்கவில்லை. முத்துவீரனைக் கரையோரம் கூட்டிப்போனார்.

“போன வருஷம் ஒன் எடத்துல சேவுகன்னு ஒருத்தன் வந்தான். கூட வர்றவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். இவன் ஒத்தையா வந்தவன், பிள்ளையார்பட்டி தாண்டித் தூக்கத்துல வண்டியிலருந்து கீழ விழுந்துட்டான். கத்துனது கேட்டுச்சு. நிறுத்தப் போனேன். ‘நேரமானா குஞ்சு செத்துரும், ஓட்டு’ன்னாரு இந்தாளு. காலையில ரோட்டுல பொணமாக் கெடந்தான்.”

முத்துவீரன் வீரையாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அவன் விழுந்த எடத்துலருந்து இந்தக் கண்மாய் வரைக்கும் பின்னால ஆளே இல்ல.” மரியப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். “அன்னைக்கும் ஒரு குஞ்சு சாகலப்பா. அதப் பாத்துத்தான் ரெண்டாவது ஆளே வேணாம்னு நிப்பாட்டுனாரு.”