கிழக்குப் பார்த்த வீடுகளில் நான் சேர்த்த வரி

திங்கட்கிழமை காலை பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து சிவநாதன் அண்ணையின் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா செத்துப்போனார்" என்றாள். இந்தப் புலம்பெயர் நாட்டில் பிறந்த பிள்ளை. சுற்றிவளைத்துச் சொல்ல நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இந்த மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரைப் பஸ் சாரதியாக அறிவீர்கள். கோடை விடுமுறையில் நாமெல்லாம் ஸ்பெயினுக்குப் போக, அவர் வட இங்கிலாந்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் அகழாய்வில் மண் கிண்டினார். ரோமர் ஆண்ட காலத்தில் அங்கே வயல் செய்த உள்ளூர்க் குடிகளின் வட்ட வீடுகளைத் தேடினார். "ரோமர் றோட்டுப் போட்டதையும் கோட்டை கட்டினதையும் எழுதி வைச்சவங்கள். பக்கத்து வயலிலை ஆர் இருந்ததெண்டு எழுதேல்லை" என்பார். ஒரு வாரம் முழங்காலில் நின்று, உடைந்த திரிகையொன்றின் பாதியைக் கண்டெடுத்தார். அதைப்பற்றி என்னிடம் இரண்டு மணிநேரம் கதைத்தார். பேத்தி பிறந்த செய்திக்குப் பத்து நிமிடம்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதையெல்லாம் கட்டுரையாக எழுதித் தந்தார். அந்த வீடுகளின் வாசல்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை என்று ஓரிடத்தில் இருந்தது. மலர்க் குழுவில் ஒருவர் துள்ளி எழுந்தார்: "அப்ப அவங்கள் எங்கடை ஆக்கள்தான்!"

"மேற்கிலையிருந்து குளிர்காத்து அடிக்கும் தம்பி, கிழக்கிலை வெளிச்சம் வரும். அவங்கள் அவங்களாவே இருந்திட்டுப் போகட்டுமே" என்றார் அண்ணை.

மலரின் ஆசிரியர் நான். அவரிடம் கேளாமல், கட்டுரையின் முடிவில் 'இவர்கள் ஆதித் தமிழராகவே இருந்திருக்க வேண்டும்' என்று சேர்த்துவிட்டேன். எல்லோரும் அந்த வரியைப் பாராட்டினார்கள். மற்ற வரிகளை எவரும் படித்ததற்கு அறிகுறி இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. "ரோமரே அவங்களை இருக்க விட்டவங்கள். நீர் குடியெழுப்பிப் போட்டீர்" என்றார். பிறகு, "அடுத்த மலரிலை ஒரு திருத்தம் போடுமன்" என்று கேட்டார். அடுத்த மலரில் விளம்பரங்கள் கூடியதால் இடமில்லை. அதற்கடுத்ததில் மறந்துபோனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் கேட்டார். "வாற மலரிலை கட்டாயம் அண்ணை" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் நம்பவில்லை என்பது அந்தத் தட்டலில் தெரிந்தது.

இறுதிநிகழ்வில் பேசிய ஒருவர், பிரித்தானியாவில் தமிழர் வயல் செய்ததை நிறுவிய அறிஞர் என்று அவரைப் புகழ்ந்தார். பெட்டிக்குள் கிடந்தவரால் மறுக்க முடியாது. மறுக்கக்கூடிய ஒரே ஆளான நான் முன்வரிசையில் குனிந்துகொண்டிருந்தேன்.

அவருடைய கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. என் வரி இல்லாத பிரதி. அதை வைத்துக்கொள்கிறேன்.

அண்ணை, நீங்கள் கேட்ட திருத்தம், இந்த மலரில்: அவர்கள் தமிழர் அல்லர். அவர்களுடைய பெயர்கள் எவருக்கும் தெரியாது. அந்த வரியை எழுதியவன் நான்.