இருதயமேரி மகனின் மெடிக்கல்

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருஷமாக ஆயா வேலை பார்த்துவந்தாள் இருதயமேரி. கூட்டுவது, துடைப்பது, சிறுநீர்க் குப்பிகளில் பெயர் ஒட்டுவது. மகன் நெடுஞ்செழியன் பைலட் ஆகப்போகிறான் என்று சொன்ன நாள் முதல் அங்கே அவளுக்குப் பைலட்டம்மா என்று பெயராகிவிட்டது. "பைலட்டம்மா, கக்கூஸ் கழுவியாச்சா?" என்பார் முதலாளி. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

பையன் பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நூற்றுக்கு நூறு. அவனை விமானப் பயிற்சிக்கு அனுப்ப ஓர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டிருந்தது. முதலில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறிவர வேண்டும். இரண்டு மாத அவகாசம்.

அந்த இரண்டு மாதமும் அவன் உடம்பு அவள் பொறுப்பாக இருந்தது. காது டாக்டரிடம் கூட்டிப்போய் அழுக்கெடுத்தாள். சொத்தைப் பல்லை அடைத்தாள். எடை மூன்று கிலோ குறைவு என்று தெரிந்ததும் தினமும் இரண்டு முட்டை, ஒரு மல்லாட்டைக் கடலை உருண்டை. ஹெட்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள். மாதா கோயில் தேரன்று வேட்டுச் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று கெடாரில் அண்ணன் சவுரிராயன் வீட்டுக்கு அவனை அனுப்பிவைத்தாள். ரத்தம், இ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் சுத்தம்.

சவுரிராயன் கட்டட மேஸ்திரி. இளவயதில் ரயில் என்ஜின் ஓட்டும் வேலைக்குத் தேர்வெழுதி மெடிக்கலில் நின்றுபோனவன். "ஆளப் பாத்துத் தள்ளிட்டானுங்க" என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள். "மெடிக்கல்ல என்னாண்ணே பாப்பாங்க?" என்று அவனிடம்தான் கேட்டாள்.

"ஒடம்பத்தான் பாப்பாங்க. நல்லா துன்னச் சொல்லு" என்றான்.

சென்னையில் பரிசோதனை அன்று அவள் வெளியே காத்திருந்தாள். அரை மணி கழித்து டாக்டர் உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள்.

"இதுல என்னம்மா தெரியுது?"

"எட்டு" என்றாள்.

நெடுஞ்செழியன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எங்கம்மா?"

"இதோடா, செவப்புல எவ்ளோ பெருசா இருக்குது!" அவன் விரலைப் பிடித்து எட்டின் மேலேயே இழுத்துக்காட்டினாள். டாக்டர் மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

"கலர் விளக்கு வச்சும் பாத்துட்டேன். சிவப்பும் பச்சையும் இவனுக்குப் பிரிச்சுத் தெரியல. பிறவிக்கோளாறு, மருந்து கிடையாது. அம்மா வழியா ஆம்பளப் புள்ளைக்கு வரும். உங்க கூடப்பிறந்தவங்க யாருக்காவது இருந்தா, அவங்க பொண்ணு வயித்துப் பேரனுக்கும் வரலாம். பாத்துக்கச் சொல்லுங்க."

பஸ் செங்கல்பட்டு தாண்டியது. மகன் கேட்டான். "மாமா எதுலம்மா ஃபெயிலாச்சு?"

மறுநாள் காலை அவள் கெடாரில் இருந்தாள். சவுரிராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அதாம்மே. புள்ளி புக்குதான்."

"எம்புள்ளைக்கு இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அவன் ஆறாவது படிக்கச்சொல்லவே தெரியும். ஃபெயிலானப்புறம் நான் வாங்கி வெச்சிருந்த புக்க காட்டினேன். நான் முழிச்ச எடத்துலயே அவனும் முழிச்சான்."

"ஏண்ணே சொல்லல?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "எனக்கு யாரு சொன்னா? அத்தினி பேரு எதிர்ல நிக்க வெச்சு சிரிச்சானுங்க. உம்புள்ளைக்கு மட்டும் மெத்தை போட்டுக் குடுக்கணுமா?"

வீட்டில் புருஷன், "உங்கூட்டு ரத்தம், வேற எப்பிடி இருக்கும்?" என்றான். அதைத் தாங்கிக்கொண்டாள். ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கிளம்பியபோது மகன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"காது அழுக்கு எடுக்கத் தெரிஞ்சுது. பதினெட்டு வருஷம் கூடவே இருந்துக்கினு இது தெரியலையா உனக்கு?"

அதன்பிறகு அவன் அப்பாவுக்கு மட்டும் போன் செய்தான்.

ஆறு மாதம் கழித்து விழுப்புரத்தில் சவுரிராயனின் பேரனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். சவுரிராயனின் மகள் அன்புச்செல்வியைக் கட்டிக்கொடுத்த இடம் ரயில்வே குடும்பம். அவள் மாமனார் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். பேரனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "எங்க வம்சத்துல அடுத்த டிரைவரு" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். சவுரிராயன் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இருதயமேரி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி," என்றாள் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "கொழந்தைக்குச் செவப்பு பச்ச தெரியுதான்னு பாத்தீங்களா? எங்க அண்ணனுக்குத் தெரியாது. எம்புள்ளைக்கும் தெரியாது. பொண்ணு வழியாத்தான் எறங்குமாம்."

அன்புச்செல்வியின் மாமியார் பிரபாவதி சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு பலூன்களை அறுத்துவந்து குழந்தையின் முன்னால் நீட்டினாள். "சொல்லு ராஜா, எது பச்சை?"

இத்தனை முகங்கள் ஒன்றாகத் தன்னைப் பார்த்ததும் குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பிரபாவதி மருமகளைப் பார்த்தாள். தாத்தா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

வாசலில் அன்புச்செல்வி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நான் என்னா பண்ணேன் அத்தே உனக்கு?"

இருதயமேரி கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணன் முகம் செத்துப்போனதை நினைக்க நினைக்க நெஞ்சு ஆறியது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அன்புச்செல்வி மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மறுமாதம், அன்புச்செல்வியையும் குழந்தையையும் கெடாருக்கே அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். குழந்தையின் கண்ணை அதுவரை ஒருவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.