வெள்ளிக்கிழமைச் சோதனை

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனியில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிகளின் விவரத்தை அதில் ஏற்றி அச்சடித்துக் கொடுப்பேன். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். எங்கள் வீட்டில் தறியில் உட்காராமல் சம்பாதித்த முதல் ஆள் நான்தான். அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்த வேலைக்கான நிரலை எங்களுக்கு எழுதித் தந்த மெட்ராஸ்காரர்கள், இனிமேல் அது புது டாஸில்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். டாஸ் என்பது கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை நிரல். அதை மாற்றுவதில் முதலாளிக்கு அரை மனசுதான்.

"நல்லா ஓடுறத எதுக்கும்மா நோண்டணும்? மாத்தி பேஜார் ஆச்சுன்னா மெஷின மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிடுவேன். பழையபடி டைப்ரைட்டர்தான்" என்றார்.

டைப்ரைட்டருக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மெஷின் போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் பயந்து பயந்து திட்டம் போட்டேன். பழைய ஃப்ளாப்பிகளை எல்லாம் நகல் எடுத்துவைத்தேன். ஒரு பொய்ச் சரக்கின் விவரத்தைப் பழைய டாஸில் ஒரு முறையும் புதியதில் ஒரு முறையும் ஏற்றி, இரண்டு அச்சையும் ஒப்பிட வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் கம்பெனிக்கு அன்றுதான் விடுமுறை, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நினைத்தபடியே இரண்டு அச்சும் ஒரு புள்ளி பிசகாமல் வந்தன. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அன்று அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளியையே பக்கத்தில் உட்காரவைத்துப் புது டாஸைக் காட்டினேன். பாதியில் திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் நின்றது.

"இன்னாம்மா, நேத்து நல்லா ஓடுச்சுன்னியே?"

மூன்றாம் முறை நின்றபோது திரையைப் பார்க்கப் பிடிக்காமல் தலையை நிமிர்த்தினேன். மேலே டியூப் லைட் மங்கித் தெளிந்தது. அதே நேரத்தில் ஷெட்டிலிருந்து, தோல் ஊறும் பெரிய மர டிரம் சுற்றத் தொடங்கும் சத்தம். வெள்ளிக்கிழமை டிரம்கள் சுற்றுவதில்லை. தூங்கும் கம்பெனியில் சோதனை செய்துவிட்டு நான் குதித்திருக்கிறேன்!

பழைய டாஸும் அவ்வப்போது இப்படி நின்றதுதான். அணைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம், யாரும் அதைக் குறை சொன்னதில்லை. புதிதாக வந்ததால் இதன் தலையில் பழி. பழைய டாஸ் ஃப்ளாப்பியைச் செருகி மெஷினை ஓடவிட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, பெரிய டிரம்ம ஒருவாட்டி நிறுத்திட்டுப் போடுங்களேன்."

"இன்னாத்துக்கும்மா?" என்று மேஸ்திரி முறைத்தார். ஆனாலும் நிறுத்திவிட்டுப் போட்டார். திரும்பி வந்தால் பழையதும் நின்றுபோயிருந்தது. ஒரு மெஷின் நின்றுபோனதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

முதலாளி சிரித்துவிட்டார். "அப்போ கோளாறு கரண்ட்லதான்."

கம்பெனிக்குப் பின்னால்தான் அவர் வீடு. அங்கே ஃப்ரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரை வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வந்தார். 'சாயந்திரத்துக்குள்ள திரும்பி வரணும், உள்ள கறி இருக்கு' என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதை மாட்டிப் புது டாஸைப் போட்டேன். மேஸ்திரி ஒவ்வொரு டிரம்மாகக் கிளப்பினார். லைட் மங்கியது, திரை அசையவில்லை. அச்சு முழுசாக வந்தது. முதலாளி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். மெஷின் இருக்குமா, போகுமா?

சாயந்திரம் ஸ்டெபிலைசரை வாட்ச்மேனிடம் கொடுத்து, நானும் கூடவே போனேன். முதலாளியம்மா வாசலிலேயே மறித்தார்.

"இத எதுக்கும்மா தூக்கினு வந்தீங்க? காலையில நீ வந்தா மறுபடி வேணும் இல்ல? அங்கயே இருக்கட்டும். ஃப்ரிட்ஜுக்குப் புதுசு வாங்கித் தர்றேன்னு அவர் சொல்லிட்டாரு. கறி அப்பவே அடுப்புல ஏறிடுச்சு."

காலையில் நான் வர வேண்டுமாம். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.