வானம் பார்க்காத பஸால்

“வானத்த அண்ணாந்து பார்க்கிறது ஆடு மேய்க்கிறாக்கள்ற வேல. நான் ஒருக்காலும் பார்க்காமலே பிரபஞ்சத்தச் செஞ்சி காட்டுவன்!”

சாய்ந்தமருதில், தன் கல்யாண விருந்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உண்டுகொண்டிருந்த ஐந்து பேர் முன்னிலையில் கலாநிதி பஸால் இவ்வாறு பிரகடனம் செய்தார். ஐவர் வாயிலும் இறைச்சி இருந்தபடியால் மறுப்பேதும் பதிவாகவில்லை.

சொன்னதைச் செய்யவே ஜெர்மனிக்குப் போனார். விதைநெல் எறிவதுபோல் கணினிக்குள் கரும்பொருளைத் தூவிவிடுவார். ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி ஆண்டுகள் நாற்பது நாளில் ஓடி முடியும். விண்மீன் மண்டலங்கள் விளைய வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் ஆறு பிரபஞ்சங்கள் பாழ். ஒன்று களியாகக் கட்டிபட்டது, மற்றவை உமியாகப் பறந்தன. “தொலைநோக்கிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்” என்று பேராசிரியர் கெஞ்சியும் பஸாலின் கொள்கை இடம் கொடுக்கவில்லை. ஏழாவதும் பாழானால் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. அந்த ஏழாவதை ஓடவிட்டுவிட்டு நோன்புக்கு ஊர் வந்தார்.

இருப்புக் கொள்ளவில்லை. நிமிடத்துக்கொரு தடவை கைபேசியைப் பார்த்தார். வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தார்.

“பிரபஞ்சம் உங்கட கையிலயா இரிக்கி? அல்லாஹ்ட கையில இரிக்கி. இந்தத் தேங்காயத் துருவுங்க” என்றாள் மனைவி ஹாஜறா.

இருபத்தொன்பதாம் நோன்பன்று மாமனார் முத்தலிப் கேட்டார்: “மருமகன், இண்டைக்குப் பிறை தெரியுமா?”

“ஆறு முப்பத்தொண்டுக்கு, எட்டுப் பாகை உயரத்துல. கணக்குத் தப்பாது மாமா.”

“அப்ப போய்ப் பார்த்திட்டு வாங்க. பிறை கண்டா நாளைக்குப் பெருநாள். வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கிறதா இல்லயா எண்டு எனக்குத் தெரியோணும்” என்றாள் ஹாஜறா. கொள்கைகள் மனைவிமாரைக் கட்டுப்படுத்துவதில்லை.

கடற்கரையில் நின்று அலைகளுக்கு மேலே வெறித்தார். ஆறு நாற்பது. பிறையும் இல்லை, ஜெர்மனித் தகவலும் இல்லை. கைபேசி அடித்தது, மாமனார், மாவடிப்பள்ளி வயலிலிருந்து.

“பிறையக் கண்டீங்களா மருமகன்?”

“இல்ல மாமா. நேரம் சரி, உயரம் சரி. கடலுக்கு மேல ஒண்டுமில்ல.”

“பிறை மேக்கால மருமகன். நம்மட கடல் கிழக்காலதானே இரிக்கி?”

பஸாலின் கணினியில் கிழக்கு மேற்கு கிடையாது. மெல்லத் திரும்பினார். தென்னை மரங்களுக்கு மேலே, கணக்கு ஒரு நூலும் பிசகாமல், பிறை நின்றது.

கைபேசி அதிர்ந்தது. ஏழாவது பிரபஞ்சம் ஓடி முடிந்துவிட்டதாம். விளைந்தது நெல்லா பதரா என்று கணினிக்குத் தெரியாது.

பஸால் பேராசிரியருக்கு ஒரு வரி எழுதினார்: “தொலைநோக்கிப் படங்களை அனுப்புங்கள்.”

பிறகு வீடுவரை அண்ணாந்தபடியே நடந்தார். பாதையில் படுத்திருந்த ஆடு ஒன்று எழுந்து அவருக்கு வழிவிட்டது.