கால் ஊன்றாத தங்கபுஷ்பம்

முப்பத்திரண்டு வயதுவரை தங்கபுஷ்பத்துக்கும் சைக்கிளுக்கும் இருந்த உறவு, ஆயுத பூஜைக்கு அதைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி. ஓட்டியது அவள் புருஷன் வெள்ளைத்துரை. கல்யாணமான கையோடு திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கு வந்து மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில் குடியேறியவர்கள் அவர்கள். அன்றிலிருந்தே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பாள். அவன் தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போய்த் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் வாங்கி வருவான். தைத்து முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

அறுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் வெள்ளைத்துரைக்கு மூச்சிரைப்பு கண்டது. பத்து அடி நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். பார்த்த டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே சைக்கிளை மறந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

"பதினோரு வருசமா நீ தைக்கதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்கு வந்துரும். நீ சைக்கிளப் பழகிரு, புஷ்பம்."

"நானா? சேலையக் கட்டிக்கிட்டா?"

"சேலை கட்டினவளுக்குக் காலு இல்லையாக்கும்?"

அது இருபத்து நாலு அங்குல ஆண்கள் சைக்கிள். நடுவில் பார் கம்பி. தங்கபுஷ்பமோ நாலே முக்கால் அடி. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் வருமுன் அசோக் நகர் பக்கம் தள்ளிக்கொண்டு போவாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பாருக்கு அடியில் காலை நுழைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் குரங்குப் பெடல் போட்டாள். முட்டி இரண்டும் உரிந்தன. மூன்றாவது வாரம் பாருக்கு மேல் ஏறினாள். ஐந்தாவது வாரம் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. சீட்டிலிருந்து அவள் கால் தரைக்கு எட்டாது.

மற்றவர்கள் கூட்டத்தைக் கண்டால் ஒரு காலை ஊன்றி நின்றுகொள்வார்கள். அவளுக்கு அது முடியாது. ஊன்றப் போனால் வண்டி சாயும். கேரியரில் இருக்கும் அறுபது ஜாக்கெட்டும் தெருப் புழுதியில் விழும். ரங்கநாதன் தெருவில் காய்கறிக் கூடைக்காரர்களும் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களும் புடவை வாங்க வந்த குடும்பங்களும் நெருக்கியடிக்கும் சாயங்கால வேளையில், இறங்கினால் மறுபடி ஏறவும் இடம் கிடைக்காது. ஆகவே இறங்காமலே இருக்கக் கற்றுக்கொண்டாள். முன் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பிரேக்கைப் பாதி பிடித்து, பெடலை அரை அங்குலம், கால் அங்குலம் என்று அழுத்துவாள். எதிரே நிற்கிற குண்டு மனிதர் பேரம் முடித்து நகரும்வரை, காற்றில் நிறுத்திவைத்த மாதிரி வண்டி அப்படியே நிற்கும். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. தான் ஏதோ வித்தை செய்கிறோம் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர் வாடிக்கை வீடு ஒன்றுக்கு அவசரத் தையல் கொடுத்துவிட்டு லஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கையெல்லாம் கறுப்பாக நின்றிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. மூன்று கியர் வைத்த சீமை வண்டி. செயின் கழன்று எங்கேயோ சிக்கியிருந்தது. தங்கபுஷ்பம் நடைமேடை ஓரம் பார்த்து இறங்கினாள். சக்கரத்தைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு விரலால் செயினை எடுத்து மாட்டினாள்.

"பேஷ்! உங்களுக்கு சைக்கிளெல்லாம் தெரியுமா?" என்றார் அவர்.

"நானும் சைக்கிள்காரிதானுங்க" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். ஆனால் அது வேறு சிரிப்பு. "இல்லேம்மா. நீங்க சைக்கிள்ல போறவா. பால்காரன், தபால்காரன் போறதில்லையா, அந்த மாதிரி. நாங்க சைக்கிளிஸ்ட். அது வேற, இது வேற." கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனாலும் தேனாம்பேட்டை வருவதற்குள் அவளுக்குக் காது மடல் சுட்டது. இரவு சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"ஆறு வருசமா மிதிக்கேன். அப்பம் நான் யாரு?"

பதில், அடுத்த மாதம் கலீமுல்லாவின் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில்தான் அவள் பஞ்சர் ஒட்டுவாள்.

"அக்கா, இத்தப் படி" என்றான் கலீமுல்லா. "தென் சென்னை சைக்கிளிஸ்ட் சங்கம். பொங்கலுக்கு மயிலாப்பூர் கிரவுண்டுல போட்டி. அல்லாரும் கலந்துக்கலாம்னு போட்டுக்கினு கீறாங்க."

அச்சடித்த நோட்டீஸ். வேகப் பந்தயம், மெதுவோட்டப் பந்தயம் என்று இரண்டு. இரண்டாவதற்குக் கீழே ஒரு வரி: 'வேகம் யாருக்கும் வரும். உண்மையான சைக்கிளிஸ்ட்டை அடையாளம் காட்டுவது மெதுவோட்டமே. இப்படிக்கு, செயலாளர் வேதாந்தம். மூன்று ஆண்டு சாம்பியன்.'

பெயர் கொடுக்கப் போன இடத்தில், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செயலாளரைப் பார்த்தாள். லஸ்ஸில் பார்த்த அதே தொப்பி. அவருக்கு அவளை நினைவிருந்தது. செயின் மாட்டிக் கொடுத்தவள் என்பதால் சற்று நெளிந்தார். ஆனாலும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சைக்கிளை வெச்சு சம்பாதிக்கறவா கலந்துக்கப்படாது. பொழுதுபோக்கா ஓட்டறவாளுக்குத்தான்."

"நீங்க ஆபீசுக்கு எதுல போறீய?"

"சைக்கிள்லதான்."

"சம்பளம் வாங்குதீயல்லா?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் 'களுக்' என்று சிரித்துவிட்டார். அவர் சங்கத் தலைவர் ராமானுஜம், ஓய்வுபெற்ற என்ஜினீயர். "வேதாந்தம், அந்த விதி வேகப் பந்தயத்துக்குத்தானே? மெதுவோட்டத்துல போட்டுக்கோங்கோ, பரவாயில்லே."

வேதாந்தம் தோளைக் குலுக்கிவிட்டுப் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று எழுதப் போனவரை அவள் நிறுத்தினாள். "ஜாக்கெட் டெலிவரின்னு போடுங்க."

போட்டியன்று அவள் நேரே வேலையோடுதான் வந்தாள். ராஜரத்தினம் அண்ணாச்சி கடைக்கு மத்தியானத்துக்குள் நாற்பது ஜாக்கெட் கொடுத்தாக வேண்டும். மூட்டையை அவிழ்த்து, பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் ஒப்படைத்தாள். கலீமுல்லாவும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான்.

மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டடி அகலத்தில் ஒரு பாதை. நீளம் முப்பது கெஜம். கால் ஊன்றினால் அவுட். கோட்டைத் தொட்டால் அவுட். கடைசியாகப் போய்ச் சேருகிறவருக்குக் கோப்பை. பதினாலு பேர், ஏழேழு பேராக இரண்டு சுற்று. சுற்றுக்கு இரண்டு பேர் இறுதிக்குப் போகலாம்.

முதல் சுற்றில் விசில் ஊதியதும் தங்கபுஷ்பத்துக்குத் திக்கென்றது. வண்டி அவள் வண்டியாக இல்லை. கேரியர் காலியாக இருந்ததால் பின் சக்கரம் தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஹேண்டில்பார் வெடவெடவென்று ஆடியது. இரண்டு தடவை கோட்டுக்கு நூலிழையில் தப்பினாள். கூட்டத்தில் யாரோ, "மாமி, ரிக்‌ஷா கூப்பிடட்டுமா?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது ஆளாகத் தேறினாள். வண்டி காலிதானே என்று அதைச் சாய்த்துக் குதித்து இறங்கினாள்.

"பாரம் இல்லாம எனக்கு ஓட்டத் தெரியலங்க" என்றாள் புருஷனிடம். அழுகை வரும்போல் இருந்தது.

வெள்ளைத்துரை மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அடுத்த நிமிஷம் இருவருமாக அதைக் கேரியரில் ஏற்றிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வேதாந்தம் ஓடி வந்தார். "என்னம்மா இது? ரேஸா, லாரி சர்வீஸா?"

கலீமுல்லா குறுக்கே வந்தான். "சார், உன் வண்டில பம்பு கீது, டைனமோ கீது, டூல்ஸ் பையி கீது. அது இன்னா, பஞ்சா?"

கூட்டம் சிரித்தது. ராமானுஜம் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மூட்டை கூடாதுன்னு எங்கேயும் இல்லியே. நீங்க எழுதின விதிதானே, வேதாந்தம்? நடத்துங்கோ."

இறுதிச் சுற்றுக்கு நாலு பேர். இந்தத் தடவை, கலீமுல்லா வண்டியைப் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்தவுடனே பின்பக்கம் தழைந்து கொடுத்தது. அப்பா, வந்துவிட்டது அவள் வண்டி! விசில் கேட்டதும் ரங்கநாதன் தெருவின் முனைக்கு வந்தவள்போல மூச்சை அடக்கினாள். தீபாவளிக்கு முந்திய நாள் என்று நினைத்துக்கொண்டாள். முன்னால் கூடைக்காரி, இடப்பக்கம் குழந்தையோடு ஒருத்தி, வலப்பக்கம் கடைப் படி. எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். நில்.

ஐந்து கெஜம் தாண்டுவதற்குள் கல்லூரிப் பையன் ஒருவன் கோட்டை மிதித்தான். பத்தாவது கெஜத்தில் இன்னொருவர் காலை ஊன்றிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். மீதி வேதாந்தமும் அவளும். அவர் லேசுப்பட்டவர் இல்லை. இடுப்பு அசையாமல், கழுத்து அசையாமல், தெப்பக்குளத்துத் தண்ணீர்போல வந்தார். இருபது கெஜம்வரை இரண்டு முன் சக்கரங்களும் ஒரே வரிசையில் இருந்தன. மைதானத்தில் சத்தமே இல்லை.

அப்புறம் தங்கபுஷ்பம் நின்றுவிட்டாள். நிஜமாகவே நின்றுவிட்டாள். சக்கரத்தின் கம்பிகளை எண்ணலாம் போல் இருந்தது. பெடலில் அவள் பாதம் மட்டும், உறங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி ஏறி இறங்கியது.

வேதாந்தம் அரைச் சக்கரம் முன்னே போனார். பக்கத்தில் ஆளைக் காணோமே என்று ஒரே ஒரு கணம் கண்ணைத் திருப்பினார். கண் போன பக்கம் ஹேண்டில்பார் போயிற்று. சமாளித்தார், மறுபடி சமாளித்தார், மூன்றாம் தடவை கான்வாஸ் ஷூ மண்ணில் 'தொப்' என்று பதிந்தது.

ஹோ என்று மைதானம் கத்தியது. ஆனாலும் போய்ச் சேர்ந்தால்தான் வெற்றி. மீதிப் பத்து கெஜத்தை அவசரமே இல்லாமல் கடந்தாள். கடைசிக் கெஜத்தைக் கூட்டமே அங்குலம் அங்குலமாக எண்ணியது. கோட்டைத் தாண்டியதும் வேறொரு தொல்லை: இறங்க ஒரு நடைமேடையோ கல்லோ இல்லை. வெற்றி பெற்றவள் மைதானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜனங்கள் அது மரியாதைச் சுற்று என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். வெள்ளைத்துரை மூச்சிரைப்பையும் மறந்து நாலு எட்டு ஓடிவந்து கேரியரைப் பிடித்த பிறகுதான் இறங்கினாள்.

ராமானுஜம் மைக்கைப் பிடித்தார். நோட்டீஸை எடுத்து அந்த ஒரு வரியை, செயலாளர் பெயர் உட்பட, நிறுத்தி நிதானமாக வாசித்தார். கோப்பையைக் கொடுக்கச் சொல்லி வேதாந்தத்திடமே நீட்டினார்.

வேதாந்தத்தின் முகம் சிவந்திருந்தது. கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்றார். பிறகு, அடக்க முடியாமல், "அந்த மூட்டை என்ன வெயிட் இருக்கும்?"

"வீட்டுல வந்து பாருங்க. நாளைக்கு இதவிடப் பெரிசு போவுது" என்றாள் தங்கபுஷ்பம்.

கோப்பையை ஜாக்கெட் மூட்டைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு மணி பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தாள். தாமதத்துக்குத் திட்ட வாயைத் திறந்த ராஜரத்தினம் கோப்பையைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கல்லாவை விட்டு எழுந்து, வாங்க வந்த ஜனங்களிடமெல்லாம், "நம்ம கடைத் தையக்காரம்மா! மயிலாப்பூர்க்காரங்கள ஜெயிச்சுட்டு வந்திருக்கா!" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்.

அந்த மாதமே சங்கக் கூட்டத்தில் சம்பாதிக்கிறவர்கள் பற்றிய விதியை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவர் வேதாந்தம்தான். அடுத்த வாரம் கலீமுல்லா சேர்ந்தான். அவன் பின்னால் அடையாற்றிலிருந்து துரைராஜ் என்ற தபால்காரரும் இரண்டு பால்காரர்களும் சேர்ந்தார்கள். தங்கபுஷ்பம் உறுப்பினர் எண் நாற்பத்தொன்று.

மாசி மாதத்தில் சங்கத்தார் மகாபலிபுரத்துக்குக் கிளம்பினார்கள். அவளும் போனாள். "ஒரு நாள் கடைக்கு நான் பஸ்ல போறேன், நீ போயிட்டு வா" என்று வெள்ளைத்துரைதான் பிடிவாதமாக அனுப்பினான். ஆட்டம் கொடுக்காமல் இருக்க, கட்டுச்சோறும் இரண்டு தேங்காயும் தண்ணீர்க் கூஜாவும் வைத்துக் கேரியரில் கட்டிவிட்டான்.

அடையாறு தாண்டி, பெருங்குடி தாண்டி, இரண்டு பக்கமும் வயலாகத் திறந்த சாலையில் வந்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. ஆறு வருஷமாக மிதிக்கிறாள்; பழகிய நாட்களுக்குப் பிறகு ஆள் இல்லாத சாலையை இன்றுதான் பார்க்கிறாள். கூடைக்காரி இல்லை, குழந்தை இல்லை, கடைப் படி இல்லை. கிழக்கிலிருந்து கடல் காற்று சவுக்குத் தோப்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மிதி அழுத்தினாள். வண்டி போயிற்று. இன்னொன்று அழுத்தினாள். தபால்காரர் துரைராஜைத் தாண்டினாள், கலீமுல்லாவைத் தாண்டினாள், மூன்று கியர் சீமை வண்டியையும் தாண்டினாள்.

"மெதுவா, மெதுவா! இன்னும் இருபது மைல் இருக்கு!" என்று பின்னாலிருந்து வேதாந்தம் கத்தினார்.

தேங்காய் இரண்டும் கேரியரில் கடகடவென்று உருள, தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே மிதித்தாள். கேளம்பாக்கத்து உப்பளங்கள் வெயிலில் பளபளத்துக்கொண்டு எதிரே வந்தன.