டெய்லர் வீட்டு டிராக்டர்

டீசல் வாசமும் அரைத்த சந்தனத்தின் வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் பலரும் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அந்த வாசம் எங்கே வந்தாலும் முகத்தில் சிரிப்பு வந்துவிடும், கூடவே வலது கைக் கட்டைவிரல் தானாக ஒரு விசையைத் தேடும். அந்த விரலுக்கு அப்படி ஒரு பழக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்தது.

என் அப்பா இலுப்பூர் கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தார். எங்களுக்கென்று வயல் கிடையாது, கிணறு கிடையாது, ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட ஐந்து சென்ட் கொல்லை, அதன் ஓரத்தில் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை, அதில் அம்மா வளர்த்த இரண்டு வெள்ளாடுகள், அவ்வளவுதான் எங்கள் விவசாயம். இப்படிப்பட்ட வீட்டில்தான், நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில், ஒரு டிராக்டர் வந்து இறங்கியது.

டிராக்டர் என்றதும் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வண்டியை நினைத்துவிடாதீர்கள். இரண்டே சக்கரம், முன்னால் ஒற்றை எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைப்பிடிகள்; பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். "கை டிராக்டர்" என்பார்கள். விராலிமலைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த ஒருவர், அப்பாவிடம் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே, தோட்டத்து வேப்பமரத்தடியில் ஒன்று பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது, கோவைக்கொடி ஏறிவிட்டது, யாராவது எடுத்துப் போனால் புண்ணியம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மறுநாளே அப்பா கடையை அடைத்துவிட்டுப் போய் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாடு இழுத்து டிராக்டர் வருவதைப் பார்க்கத் தெருவே கூடியது.

"ஏங்க, சட்டை தைக்கிற ஆளுக்கு எதுக்குங்க டிராக்டரு? துணியவா உழப் போறீங்க?" என்றாள் அம்மா.

"கோவப்படாத பாக்கியம். கிட்ட வந்து பாரு, எம்புட்டு அழகா இருக்குன்னு" என்றார் அப்பா. அம்மா பார்த்தாள். கொடி, துரு, எஞ்சினுக்குள் ஒரு அணில்கூடு. அழகு அவள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்கு என்றாகிவிட்டது. அப்பாவுக்கு மெக்கானிக் வேலை தெரியாது. அதனால் தனக்குத் தெரிந்த தையல் வேலையாகவே அதைச் செய்தார். கிழிந்ததை ஒட்டுப்போடுவதற்கு முன்னால் முழுசாகப் பிரித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் தையல் சாக்கட்டியால் எண் போட்டார், திருகுகளைப் பொத்தான் டப்பாக்களில் அளவு வாரியாகப் பிரித்து வைத்தார், அளவு நோட்டில் "மாணிக்கம் சார் பேண்ட்" என்பதற்குக் கீழே டிராக்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இஞ்ச் டேப்பால் அளந்து எழுதினார். இறுகிப்போன பிஸ்டனுக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊற்றி ஊற்றி ஒரு மாதம் ஊறவைத்தார். அடைத்துப்போன சின்னச் சின்ன ஓட்டைகளையெல்லாம் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அவருடைய துணி வெட்டும் கத்திரிக்கோல். அதை எடுத்து நான் ஒருமுறை நோட்டுக்கு அட்டை வெட்டியதற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர், எண்ணெய் கசியாமல் இரண்டு இரும்புகளுக்கு நடுவே வைக்கிற "பேக்கிங்"கை அதே கத்திரிக்கோலால் கனத்த அட்டையில் வெட்டினார். அதைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டல்ல என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அன்று அவள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

எனக்கும் அதில் வேலை இருந்தது. அந்த எஞ்சினைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அப்பா இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றும்போது, எஞ்சின் முறைத்துக்கொள்ளாமல் இருக்க, தலைப்பக்கம் உள்ள ஒரு சின்ன விசையை நான் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருப்பேன், வேகம் பிடித்ததும் "விடு ஆத்தா!" என்று கத்துவார், விட்டுவிட வேண்டும். ஆவணி மாதத்தில் ஒருநாள், எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்ட பிறகு, நான் விட்டேன், எஞ்சின் ஒரு தும்மல் போட்டது, கரும்புகையாய்க் கக்கியது, பிறகு "டுப் டுப் டுப்" என்று ஓடவே ஆரம்பித்துவிட்டது. அப்பா அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். "கேக்குதா ஆத்தா? ஒனக்குக் கேக்குதா?" என்று காதுக்குள் கேட்டார். கேட்காமல் என்ன, இலுப்பூர் கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சிக்கல் கொட்டகையில் இருந்தது. டிராக்டர் கொட்டகைக்குள் நின்றதால் ஆடுகள் வெளியே வேலியில் கட்டிக்கிடந்தன. கோடையில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஐப்பசி மழை நெருங்க நெருங்க அம்மாவின் பொறுமை தேய்ந்துகொண்டே வந்தது. இத்தனைக்கும் ஓடுகிறதே தவிர அந்த வண்டி ஒரு சாண் மண்ணைக்கூடக் கிளறியதில்லை. நிறுத்தி வைத்து ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதே அப்பாவுக்குப் போதுமாக இருந்தது. கடைசியில் அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

"விசயதசமி அன்னைக்கி இந்தக் கொல்லையை வேலிக்கு வேலி, நிக்காம உழுது காட்டுங்க. உழுதுட்டா இது இங்கிட்டே கெடக்கட்டும், நான் வாய் தொறக்க மாட்டேன். ரெண்டு தடவ நின்னா மன்னிச்சு விடுறேன். மூணாவது தடவ நின்னுச்சுன்னா பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுருவேன்."

அப்பா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. ஆயுதபூஜைக்கு முதல் நாள் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார், பிசிறில்லாமல் ஓடியது. மறுநாள் பூஜைக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின், கத்திரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஆயுதபூஜையன்று பூஜையில் வைத்த எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும். அப்பா அந்த வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை. ஆகவே பொட்டு வைத்த டிராக்டரைச் சும்மா கொட்டகையில் விட்டுவிட்டு, நாள் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நடந்தார்.

விஜயதசமிக் காலையில் அம்மா சொல்லிவிட்டபடியே பழைய இரும்புக்காரரும் தன் குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். நல்ல மனுஷன். "நான் சும்மா வேடிக்க பாக்கத்தான் வந்தேன் டெய்லரே" என்றார். ஆனால் தோளில் கயிறு கிடந்தது. நான் விசையை அமுக்கினேன், அப்பா சுற்றினார், முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அப்பா பின்னால் நடக்க, கொல்லை மண் புரண்டு புரண்டு எழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சத்தம் மெலிந்தது, இருமியது, நின்றுவிட்டது.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

அப்பா டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார், டீசல் இருந்தது. மூடினார். டீசல் போகிற குழாயைக் கழற்றி ஊதினார், மாட்டினார், சுற்றினார். உடனே ஓடியது. "அதான பாத்தேன், குழாயில தூசி" என்றார், முகமெல்லாம் பல். இன்னொரு பத்து நிமிஷம் ஓடி மறுபடி நின்றது. "ரெண்டு." மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், வடிகட்டியைக் கழுவினார், சுற்றினார். ஓடியது. "வடிகட்டிதான் ஆத்தா! குழாய் இல்ல!" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். கொல்லையில் பாதிதான் முடிந்திருந்தது. இரும்புக்காரர் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், வேறெங்கோ பார்த்தார்.

இங்கே என் அம்மாவின் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாம்புச் செவி என்பார்களே, அது. வாசலில் நின்றுகொண்டே அடுப்பில் பால் பொங்கப்போவதைச் சொல்லிவிடுவாள். நான் படிக்கிறேனா பக்கத்தை மட்டும் புரட்டுகிறேனா என்பதைச் சமையற்கட்டிலிருந்தே கண்டுபிடிப்பாள். மூடியைத் திறந்தபோதெல்லாம், எஞ்சின் சத்தம் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்ததால் அப்பாவுக்குக் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்டிருந்தது. மூன்றாவது தடவையும் அந்த எஞ்சின் மெலியத் தொடங்கியபோது அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு உழுத மண்ணில் விறுவிறுவென்று நடந்து போய், இருமிக்கொண்டிருந்த வண்டியின் டீசல் மூடியைத் தன் கையாலேயே திருகித் திறந்தாள். "ஸ்ஸ்" என்று தொட்டி காற்றை உறிஞ்சிய சத்தம் இப்போது எனக்கும் கேட்டது. நிற்கப்போன எஞ்சின் தலையை உதறிக்கொண்டு மறுபடி "டுப் டுப்" என்று ஓடியது.

"எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் எறங்குமா? காத்துப் போக இன்னொண்ணு போடணும்ல! இது மூச்சு விடுற ஓட்டைய அடச்சு வச்சுருக்கு" என்று எஞ்சினுக்கு மேலே கத்தினாள். அப்பா மூடியை வாங்கிப் பார்த்தார். அதன் நட்டநடுவே, அவர் ஊசியால் குத்திச் சுத்தம் செய்து வைத்திருந்த துளையின் மேலே, காய்ந்து கல்லாகிப்போன ஒரு சந்தனப் பொட்டு.

அப்பா அதை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டு, நெத்தி மாதிரி இருக்க எடத்த எப்புடிங்க சும்மா விடுறது? நான்தான் வச்சேன்" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "எங்கையால வச்ச பொட்டு நிப்பாட்டுனா அது பந்தயத்துல சேருமா? உழுங்க, உழுங்க" என்றாள். இரண்டாவது தடவை நின்றபோதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது; ஆடுகளை நினைத்து ஒரு சுற்று வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதைப் பல வருஷம் கழித்து எனக்கு மட்டும் சொன்னாள்.

அன்று கொல்லை வேலிக்கு வேலி உழுது முடிந்தது. இரும்புக்காரர் கயிற்றைக் கொட்டகைக் கம்பத்தில் கட்டி, ஆடுகளை உள்ளே பிடித்துவந்து கட்ட உதவிவிட்டுப் போனார். ஆடுகளும் டிராக்டரும் ஒரே கொட்டகையில் குடித்தனம் செய்தன. ஓடி நின்ற எஞ்சின் கதகதப்பாக இருப்பதைக் கண்டுபிடித்த பெட்டையாடு மழைநாளில் அதை ஒட்டித்தான் படுக்கும். அந்த மண்ணில் போட்ட வெண்டையும் கொத்தவரையும் தெருவுக்கே காய்த்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அப்பா மூடித் துளையில் ஒரு குண்டூசியைச் செருகி வைப்பார். அதைச் சுற்றி அம்மா பொட்டு வைப்பாள். மறுநாள் காலையில் ஊசியை உருவிவிட்டு வண்டியைக் கிளப்புவோம்.

இப்போது அந்தக் கொல்லை இல்லை. அதன் மேல் நான்தான் வீடு கட்டினேன். வேலி போய்ச் சுற்றுச்சுவர் வந்தது, கொட்டகை போயிற்று, ஆடுகள் எப்போதோ போயின, அப்பாவின் தையல்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வரைபடத்தில் என் கார் நிற்க என்று போட்டிருந்த இடத்தில் டிராக்டர் நிற்கிறது. எடுத்துவிடலாமா என்று நான் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். "ஒங் காரு தெருவுல நனையட்டும். அது என்ன, பொட்டு வச்ச வண்டியா?" என்றாள் அம்மா. கேட்டதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

போனவற்றில் எனக்கு வலிப்பது ஒன்றுதான். அப்பாவின் காது. சில வருஷமாக அவருக்கு எதுவுமே சரியாகக் கேட்பதில்லை. எந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக ஒரு மாதம் பிஸ்டனை ஊறவைத்தாரோ அந்தச் சத்தம் அவருக்கு இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைக்கிறார், எண்ணெய் பார்க்கிறார், அட்டையில் பேக்கிங் வெட்டுகிறார், அதே கத்திரிக்கோலால்.

இந்த வருஷ விஜயதசமிக்குத் திருச்சியிலிருந்து நான் வந்திருந்தேன். சுற்றுகிற வேலை இப்போது என்னுடையது. விசை அம்மாவின் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. "விடும்மா!" என்று நான் கத்த, அவள் விட, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா உள்ளங்கையைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "ஓடுதா பாக்கியம்?" அம்மா அவர் காதில் வாயை வைத்து, "ஓடுதுங்க! நல்லா ஓடுது!" என்று கத்தினாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். திடீரென்று அம்மா புருவத்தைச் சுருக்கிக் கையைத் தூக்கினாள். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவள் எட்டி, நான் காலையில் உருவ மறந்துவிட்டிருந்த குண்டூசியை மூடியிலிருந்து பிடுங்கினாள். அதற்குள் மெலியத் தொடங்கியிருந்த எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. அது கைக்குள் எழுந்ததை உணர்ந்த அப்பா, எங்களை முந்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கேக்குது ஆத்தா" என்றார். "எனக்குக் கேக்குது."